பிரேக் இல்லாத வண்டியில் என் கணவரை ஏற்றாதீர்கள்

அனுப்புநர்:
யோவிதா வவ்ஷின்யாக்,
மைதானத் தெரு, ஓல்ஷினெக்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஸ்பீட்வே லீக் மருத்துவக் குழு, வார்சா.

பொருள்: தலையில் அடிபட்ட வீரர் ரெமிகியுஷ் வவ்ஷின்யாக்கை வரும் ஞாயிறு பந்தயத்தில் இறங்கவிடாமல் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா,

1. நான் ஓல்ஷினெக் நாரைகள் அணித் தலைவர் ரெமிகியுஷின் மனைவி. பந்தயத்தை வெறுப்பவள் அல்ல. மைதான வாசலில் சூரியகாந்தி விதை விற்று வளர்ந்தவள். ஒரே கியர், பிரேக் கிடையாது, இடப்பக்கம் மட்டுமே திரும்பும் மோட்டார் சைக்கிள் என்று தெரிந்துதான் அவருக்குக் கழுத்தை நீட்டினேன். இந்த சீசனின் தொடக்கத்தில் காறை எலும்பு முறிந்து, தகடு வைத்த மறு வாரமே அவர் வண்டி ஏறினார். அப்போதுகூட நான் யாருக்கும் மனுப் போடவில்லை.

2. சென்ற ஞாயிறு எங்கள் மைதானத்தில், இரண்டாம் வளைவில், முன்னால் சென்றவர் சறுக்கி விழ, என் கணவர் அவர் வண்டியில் மோதித் தூக்கியெறியப்பட்டார். தலை தரையில் பட்டது. எழுந்து கையசைத்தார். கையசைத்துவிட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று எங்கள் ஊரில் அர்த்தம், அரங்கமே கைதட்டியது. பிறகு எதிரணியின் கூடாரத்துக்குள் போய்த் தன் வண்டியைத் தேடினார். அதற்கும் சிரித்தார்கள். நான் அவரிடம் ஓடினேன்.

3. விழுந்தவரிடம் மைதான மருத்துவர் கேட்கும் கேள்விகள் தாங்கள் அறிந்தவையே: இது எந்த ஊர், எதிரணி எது, கடைசி ஓட்டத்தில் ஜெயித்தது யார். அவை எல்லா அணிகளுக்கும் மனப்பாடம் என்பது தங்கள் கவனத்துக்கு வந்திருக்கிறதா, தெரியவில்லை. என் கணவரின் தம்பி ஸெனோன்தான் அவருடைய மெக்கானிக். ஹெல்மெட்டைக் கழற்றும் சாக்கில் குனிந்து, காதில் விடைகளை ஓதினான். இவர் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தார். வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் கையெழுத்திட்டார். பின்னர் ஸெனோனைப் பிடித்துக் கேட்டேன். "எல்லாரும் பண்றதுதான் அண்ணி. கேப்டனா இருந்துட்டு அண்ணனே எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு" என்றான். அது உண்மைதான் என்பது எனக்கும் தெரியும்.

4. அன்றிலிருந்து வெளிச்சம் பட்டால் வாந்தி எடுக்கிறார். புதன்கிழமை முகம் மழித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். உற்றுக் கேட்டால், வரும் ஞாயிறுக்கான விடைகள். "சரியா சொல்றேனா, யோவிதா?" என்று என்னிடமே கேட்டார். பந்தயம் வெளியூரில், அவர் சொன்னதோ எங்கள் ஊர்ப் பெயர். நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் நானும் ஸெனோன் ஆகியிருப்பேன்.

5. கிளப் மேலாளர் திரு. குபாஸிக்கிடம் முறையிட்டேன். காபி கொடுத்து உட்காரவைத்து, மிக மரியாதையாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை தோத்தா கீழ் லீக்தான். ரெமிகியுஷ் உங்களாலதான் வரலைன்னு தெரிஞ்சா, ஊர்ல எப்படித் தலைகாட்டுவீங்க? யோசிச்சுப் பாருங்க." யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊர் என்னைக் கரித்துக் கொட்டட்டும்.

6. இம்மனு என் கணவருக்குத் தெரியாது. தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார். எந்த அணியையும் சேராத மருத்துவர் ஒருவரை ஞாயிறுக்குள் அனுப்பி அவரைப் பரிசோதிக்கவும், தேவையெனில் அவருடைய உரிமத்தை நிறுத்திவைக்கவும் மன்றாடிக் கேட்கிறேன். வருகிற மருத்துவர் மைதானக் கேள்விகளைக் கேட்க வேண்டாம். எங்கள் மகளின் பெயரைக் கேட்கட்டும். நேற்று அவளைச் சாப்பிடக் கூப்பிடப் போனவர், பெயர் வாயில் வராமல் அவள் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

இடம்: ஓல்ஷினெக்
நாள்: 13 செப்டம்பர் 2019, வெள்ளி

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
யோவிதா வவ்ஷின்யாக்
(கையொப்பம்)