பதினெட்டுப் பேரில் ஒருத்தி

கோல சிலாங்கூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நித்தியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உன் மகள் ஷர்மினியும் நலம். பெர்த் குளிரும் மருத்துவமனை வேலையும் உன்னை வாட்டக் கூடாது என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறாள். அவளுடைய முட்டிவலி இப்போது பரவாயில்லை. பக்கத்து ஊர் செகிஞ்சானில் அறுவடை, சாலையெல்லாம் நெல் லோரிகள், நான் மோட்டார்சைக்கிளை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், பயப்படாதே. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன், அம்மா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். முழுவதும் படித்த பிறகு கோபப்படு.

ஷர்மினி இரண்டாம் ஆண்டுக்குப் போனபோது பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்ததே, கணிதமும் அறிவியலும் இந்த வருடமும் ஆங்கிலத்திலேயே படிக்கச் சம்மதமா என்று, நீ சம்மதம் என்று எழுதச் சொன்னாய். நான் சம்மதமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாலு மாதமாக உன்னிடம் மறைத்தேன், அது தப்புதான். ஆனால் காரணம் கேள். போன வருடம் உன் மகள் முற்றத்தில் நடந்து நடந்து ஓர் ஆங்கில வரியை மனப்பாடம் செய்தாள், வேர் தண்ணீரை உறிஞ்சும் என்று. என்னம்மா பொருள் என்றேன். "தெரியல தாத்தா, டீச்சர் சொல்லச் சொன்னாங்க" என்றாள். நம் வீட்டு அவரைக்கொடிக்குத் தினமும் வேரடியில் தண்ணீர் ஊற்றுகிற பிள்ளை அவள்! எனக்கும் இதுதான் நடந்தது. தமிழ்ப்பள்ளியில் கணக்கில் நான் முதல், இடைநிலைப் பள்ளியில் எல்லாம் மலாயில் வந்ததும் கடைசி, கணக்கு வராத பையன் என்று சொல்லியே என்னைப் பள்ளியைவிட்டே ஓட்டினார்கள். கணக்கு எனக்கு வந்தது, மொழிதான் வரவில்லை. பிறகு முப்பத்தைந்து வயதில் மடியில் அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்து மில்லில் பாய்லர் ஓட்டும் உரிமத்துக்கான சோதனை எழுதித் தேறினேன், வீணாய்ப்போன வருடங்களை யார் திருப்பித் தந்தார்கள்?

நான் எண்ணிப் பார்க்காதது ஒன்று நடந்துவிட்டது. அந்த வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள், மற்ற பதினேழு வீட்டிலும் சம்மதம். அந்த இரண்டு பாடம் வரும்போது இவள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போகிறாள், பிரேமலா டீச்சர் தம் ஓய்வு நேரத்தில் வந்து தமிழில் சொல்லித் தருகிறார். கூட நாலு பேராவது சேரட்டும் என்று வீடு வீடாகப் போனேன். உன்னோடு படித்த திலகம், "மாமா, உங்க மக பெர்த்துல இருக்கா, நீங்க பேசுவீங்க. எங்க புள்ள இங்கிலீஷ் படிச்சு ரவாங் பேக்டரி வேலைக்காவது போக வேணாமா லா?" என்று கேட்டாள். நானும் விடவில்லை, அவளும் விடவில்லை, கடைசியில் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். யாரும் வரவில்லை.

நேற்று ஷர்மினி கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, கடைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். தின்றுகொண்டே, "எல்லாம் புரியுது தாத்தா. ஆனா சரியா போட்டா யாருகிட்ட காட்டுறது? அங்க யாருமே இல்ல" என்றாள். கையில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

என் எண்ணம் மாறவில்லை, மாறாது. சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில்தான் பாடம் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லித் தரட்டும். ஆனால் அவளைத் தனியே உட்காரவைத்தது பள்ளிக்கூடம் இல்லை, நான். தாய் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமையே மாற்றலாம் என்கிறார் தலைமையாசிரியர். நீ எழுதி அனுப்பு. அதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன், கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் நான். அதன்பிறகு நீ அழைக்கும்போது மதிப்பெண்ணைக் கேட்காதே, அன்றைய பாடத்தை உனக்குத் தமிழில் சொல்லிக்காட்டச் சொல், புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரட்டை ஷிப்ட் எடுக்காதே. எல்லாச் சாமியும் உனக்குத் துணையிருக்கட்டும். மறக்காதே, வகுப்புக்குத் திரும்பிப் போகலாம் என்பதை ஷர்மினியிடம் நீயே சொல். என் வாயால் சொன்னால் எனக்கு இஷ்டமில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும், தாத்தாவுக்காக நூலகத்திலேயே இருக்கிறேன் என்று சொன்னாலும் சொல்லிவிடுவாள்.

உன் அப்பா,
நாராயணசாமி