படத்தில் இருப்பவரின் இடது பக்கம்

என் அன்புக்கு உரியவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகம்தான் இந்தக் கடிதத்தின் விஷயமே. போனில் நான் ஆரம்பித்தாலே சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றதா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். நின்றுவிட்டது, வாஷரை நானே மாற்றினேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அறையில் கூட இருப்பவர்கள் ஷிப்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

அடிவயிற்றுக்குக் கீழே இடது பக்கம் இழுத்துப் பிடிக்கிற வலி என்று கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். இடது விரையிலிருந்து ரத்தம் திரும்புகிற குழாய்கள் வீங்கியிருக்கின்றன, நமக்குக் குழந்தை தள்ளிப்போவதற்கும் அது காரணமாக இருக்கலாம், அவற்றைக் கட்டிவிடுகிற சின்ன ஆபரேஷன் போதும் என்று டாக்டர் சொன்னார். தாளில் படமும் போட்டுக் கொடுத்தார். அந்தப் படத்தை வைத்தே அவரைப் போலி டாக்டர் ஆக்கிவிட்டீர்கள். “இடதுன்னு வாயால சொல்றாரு, படத்துல வலது பக்கம் வீக்கம் போட்டிருக்காரு. இவர்கிட்ட போய் நான் படுக்கணுமா?” என்று என்னிடமே கேட்டீர்கள். தேதியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாயிற்று.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்து ஆசிரியர் அறையில் தனியாகச் சிரித்தேன். பைப் டிராயிங் பார்த்தே பழகிய கண் உங்களுக்கு. அதில் வலது என்றால் வலதுதான். உடம்புப் படத்தில் இருக்கும் ஆள் உங்களைப் பார்த்து நிற்கிறார் ஐயா. அவருடைய இடது, உங்கள் வலதுக்கு நேராகத்தான் வரும். எங்கள் நர்சிங் காலேஜில் முதல் வருஷப் பிள்ளைகள் தவறாமல் இந்தத் தப்பைச் செய்வார்கள், நானும் தவறாமல் மார்க்கைக் குறைப்பேன். உங்களுக்கும் குறைத்தாயிற்று. டாக்டர் பாஸ்.

ஏன் இடது பக்கம் மட்டும் என்று கேட்டீர்களே, அதுவும் உங்கள் பைப் வேலை மாதிரிதான். விரைகள் கருவில் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. பிறகு கீழே இறங்கும்போது தங்கள் ரத்தக் குழாய்களையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகின்றன. அதனால் திரும்புகிற ரத்தம் அவ்வளவு தூரம் மேலே ஏற வேண்டும். வலது பக்கக் குழாய் பெரிய சிரையில் சாய்வாகப் போய்ச் சேருகிறது. இடது பக்கக் குழாய்க்கு நீளமும் அதிகம், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் ‘டீ’ ஜாயின்ட் வைத்த மாதிரி செங்கோணத்தில் முட்டுகிறது. உள்ளே இருக்கும் வால்வு தளர்ந்தால் ரத்தம் கீழேயே தேங்கும், சூடு ஏறும். இதில் உங்கள் குற்றம் எங்கே வந்தது?

ஆனால் படம் ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை குரலைத் தாழ்த்தி, “அங்க கட்டுப் போட்டுட்டா, அப்புறம் நான் உனக்கு…” என்று ஆரம்பித்துவிட்டு, சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டீர்கள். சிக்னல் நன்றாகவே இருந்தது. வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, கூச்சமில்லாமல் நான் சொல்கிற சொற்கள் உங்களிடம் பேசும்போது தொண்டையை விட்டு வருவதில்லை. எழுத வருகிறது.

கேளுங்கள். கட்டப்போவது வீங்கிய குழாய்களை மட்டும். ரத்தம் கொண்டுவருகிற தமனியை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கட்டுவார்கள். திரும்பிப் போக வேறு சின்னக் குழாய்கள் இருக்கின்றன. ஆண்குறிக்கு ரத்தம் வருவது இந்த வழியிலேயே இல்லை. அது இடுப்புக் குழிக்குள் பிரிகிற தனி லைன். இந்த லைனில் வேலை பார்த்தால் அந்த லைனில் தண்ணீர் நிற்காது என்று உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? இப்போதே நீங்கள் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. எழுதும்போதே முகம் சிவக்கிறது, படித்ததும் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

மற்றபடி நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். மாடிப் போர்ஷனுக்கு ஒரு தையல்காரர் குடும்பம் வந்திருக்கிறது. உங்கள் சட்டைகளை அளவுக்குக் கொடுத்துப் புதிதாக இரண்டு தைக்கச் சொல்லியிருக்கிறேன். பருத்துவிட்டீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லாமல் இருந்தேன். கர்ப்பப்பைக்கு நல்லது என்று யாரோ சொல்லி அத்தை ஒரு பொடி வாங்கி வந்திருக்கிறார். காலையில் வெந்நீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்கிறார். எனக்கு எடுத்த டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி உங்களைப் பற்றித்தான் வரும். அதனால் குடித்துவிடுகிறேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பேரப்பிள்ளை ஆசையில் செய்கிறார். ஆனால் கசப்பு தாங்கவில்லை.

தேதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் நல்லபடியாக முடியும், நீங்கள் நீண்ட காலம் நன்றாக இருப்பீர்கள். முடிந்து கண் விழித்ததும் முதல் போன் எனக்கு வேண்டாம். அத்தைக்குப் பண்ணி, எதற்கு ஆபரேஷன் என்று நீங்களே சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
டீச்சரம்மா