இரண்டு கை ஊற்றிய உரம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிடும் நேரத்தில் அப்பா அறையை விட்டு நகருவதில்லை. அவர் எதிரில் இதைச் சொல்ல முடியாது.

உன் செடி போய்விட்டது. முழுதாக இல்லை. நடுத்தண்டில் ஒரே ஒரு இலை நிற்கிறது, அதுவும் ஓரம் கருகித்தான். நீ விட்டுப்போன அதே ஜன்னலோரம், அதே தொட்டி. உள்ளங்கை அகல இலைகள் ஓரத்திலிருந்து பழுப்பாகி, காகிதம் மாதிரி காய்ந்து, ஒவ்வொன்றாக விழுந்தன. மண்மேல் வெள்ளையாக ஒரு படலம். பூஞ்சை என்று நினைத்துத் துடைத்தேன். அது உப்பு. தொட்டியைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே இருக்கிற அம்மா மண்ணை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, செடி வளர்த்தீங்களா, உப்புல ஊறப் போட்டீங்களா என்று கேட்டாள். யாரு உரம் ஊத்துறது என்றாள். நான்தான் என்றேன். அப்பாவும் அதே மூச்சில் நான்தான் என்றார். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். ஒரே வீட்டுலதானே இருக்கீங்க என்றாள். அவளுக்குச் சிரிப்பு. எங்களுக்கு வரவில்லை.

நடந்தது இதுதான். குளிர்காலத்து இருட்டு மாதங்கள் வந்ததும் செடி இலை விடுவதை நிறுத்தியது. வெளிச்சம் குறைந்தால் அது சும்மா கிடக்கும், அப்போது உரமே கூடாது என்று எங்களுக்குத் தெரியாது. நீ செடி எப்படி இருக்கு என்று கேட்கிறாய், எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் அவர் குளிக்கப் போகும்போது உரத்தை மூடியால் அளந்து தண்ணீரில் கலந்து ஊற்றினேன். அவர் தனியாக ஒரு பாட்டில் வாங்கி ஸ்பானர் பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறார். நான் கடைக்குப் போகும்போதெல்லாம் ஊற்றியிருக்கிறார், கலக்காமல். பஸ் டிப்போவில் எஞ்சினுக்கு ஆயில் ஊற்றியே வேலைக்காலத்தைக் கழித்தவர், தண்ணி கலந்தா அதுல என்ன சத்து இருக்கும் என்று என்னையே கேட்கிறார்.

எதற்கு இவ்வளவு என்றால், நீ கிளம்பிய அன்று, போறவ போகட்டும், இனி எங்கிட்டப் பேச வேண்டாம் என்று அவர் சொன்னார். நீயும் சரி என்றாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் இரண்டு பேரும் கெட்டி. ஆனால் நீ செடியைப் பற்றிக் கேட்டதும் சோபாவிலிருந்து, புது இலை ஒண்ணு சுருட்டிக்கிட்டு நிக்குதுன்னு சொல்லு என்பார். நான் சொல்வேன். அவர் குரலே உனக்கு முன்பே கேட்டிருக்கும். ஓ, அப்படியாம்மா என்பாய். உங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

காப்பாற்றப் பார்த்தோம். மேல்மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, குளியலறையில் வைத்து, அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் தெளிந்து வரும்வரை கழுவினோம். அவர் தொட்டியைச் சாய்த்துப் பிடித்தார், நான் குவளையால் ஊற்றினேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து ரொம்ப நாளாகியிருந்தது. பயனில்லை. வேர் கறுத்து, தொட்டால் கையோடு வருகிறது. மறுபடியும் நர்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வேர் வெந்துபோச்சு, இனிமே உரத்தைக் கண்ணுலயே காட்டாதீங்க, பொழைச்சா பொழைக்கட்டும், ஆனா நம்பிக்கிட்டு இருக்காதீங்க என்றாள் நர்சரி அம்மா.

வரும் வழியில் அப்பா தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார், நல்லா இருக்குன்னே சொல்லு, செடி போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் எங்கிட்ட என்னத்தைக் கேக்கப் போறா. எங்கிட்ட என்றார். நீ அவரிடம் எதுவுமே கேட்டதில்லை.

எனக்குப் பொய் வராது, அதனால் எழுதுகிறேன். வேறு செடி வாங்கச் சொல்லாதே, அதையும் கொன்றுவிடுவோம். நீ அவரிடம் பேசுவாய் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அவர் பேசுவார் என்றும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். ஆனாலும், கேட்க ஒன்றுமில்லாத வாரத்திலும் கூப்பிடு. நான் போனை அவர் பக்கத்தில் மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். உடனே வைத்துவிடாமல் இரு. அவர் தொண்டையைச் செருமுவது கேட்கும். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கே இருந்தாலும் நீ குறையில்லாமல் இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. கடிதம் கிடைத்தது என்று மட்டும் போனில் சொல்லிவிடாதே, பக்கத்திலேயே இருப்பார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா