எல்லைக்கல்லிலிருந்து நாலடி இரண்டங்குலம்

வண்டியூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஆன்மேரிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிற இடத்தில் இருக்கிறோம். நீயும் அந்தப் பெர்த் நகரத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் இப்போது தேவலை, டாக்டர் சொன்ன பயிற்சியைக் காலையும் மாலையும் விடாமல் செய்கிறாள். என்னோடு மட்டும் பதினோரு நாள் பேசாமல் இருந்தாள். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன். தாளில் யாரும் குறுக்கே வர முடியாது.

போன வாரம் மேயர் தமிழ்வாணியின் முகநூல் பக்கத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாய். இது நீங்கதானப்பா, முதுகப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன், பெருமையா இருக்கு என்று எழுதி, கைதட்டும் பொம்மைகள் ஏழு போட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. படத்தின் கீழே, தன் வீட்டு ஆக்கிரமிப்பைத் தானே இடித்த முன்மாதிரிக் குடிமகன் என்று எழுதியிருக்கிறார்கள். முதுகு என்னுடையதுதான். கையில் இருந்த கடப்பாரை மாநகராட்சி வேலைக்கு வந்த சோலையுடையது. காலடியில் உடைந்து கிடப்பது, அம்மாவின் ஆபரேஷனுக்குப் பிறகு நீ வரைந்து கொடுத்துக் கட்டிய ஆறு படிகள். அது ஒன்றும் பெருமைப்படுகிற கதை இல்லை.

ஊரில் என்னப்பா விசேஷம் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாயே, அதையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். மேயர் இப்போது புதன்கிழமை தோறும் ஒரு வார்டுக்குப் போகிறார். தெருமுனையில் சாமியானா போட்டு, பொறியாளர்களையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனு வாங்குகிறார். குப்பை எடுக்க பேட்டரி வண்டி வந்துவிட்டது, அது பாடுகிற பாட்டில்தான் எனக்குத் தினமும் விழிப்பு. சிம்மக்கல் பக்கம் காய்கறிக் கழிவை விடிவதற்குள் அள்ளிவிடுகிறார்கள். நம் வார்டில் பிள்ளைகளுக்குப் படிப்பகம் ஒன்று திறந்தார்கள், நாற்காலிகள் நன்றாக இருக்கின்றன, புத்தகங்கள் இனிமேல்தான் வர வேண்டும். தெப்பக்குளத்துப் படிகளைக் கல்லூரி மாணவர்களை வைத்துச் சுத்தம் செய்த அன்று மேயரும் விளக்குமாறு பிடித்தார். போட்டோ எடுத்ததும் கீழே வைத்துவிடுவார் என்று ஓரமாக நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடம் பெருக்கினார். எனக்கு அவரைப் பிடிக்காது, ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் மரக்கன்று நடும் விழாவில் என்னை மேடையிலிருந்து மைக்கில், வாங்க மனு சார் என்று கூப்பிட்டார் இல்லையா, அன்றிலிருந்து பால்காரன் வரைக்கும் எனக்கு அதுதான் பெயர். அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

மனு எழுதியது உண்மைதான். நம் தெருவுக்கு மழைநீர் வடிகால் கேட்டுப் பதினோரு வருடத்தில் முப்பத்தேழு மனு. வடிகால் வராததற்கு அதிகாரிகளைக் குறை சொல்லியே எனக்குப் பாதி முடி நரைத்தது. ஆனால் அவர்கள் மூன்று முறை அளக்க வந்தார்கள். மூன்று முறையும் நம் தெரு ஆட்கள்தான் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். பழைய வடிகாலின் மேல் ஒருவர் குளியலறை கட்டியிருக்கிறார், ஒருவர் மோட்டார் வைத்திருக்கிறார், எதிர்வீட்டு முத்திருளன் கடைக்குக் கொட்டகை இறக்கியிருக்கிறான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் தெருவையே தன் பஸ் என்று நினைப்பு அவனுக்கு. ஒன்பது வருடமாகத் தன் மச்சானின் ஷேர் ஆட்டோவை நம் வாசலில் நிறுத்துகிறானே, அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். ஐப்பசியில் பெய்த மழையில் சாக்கடை வீட்டுக்குள் வந்து என் அலமாரியின் கீழ்த்தட்டு வரை ஏறியது. அம்மா கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியாமல் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். இத்தனைக்குப் பிறகும் கூட்டத்துக்கு முந்தின நாள் முத்திருளன் வந்து, சார், நாளைக்கு மேயரம்மா வருது, வடிகாலை அங்கிட்டுத் தரிசு ஓரமா கொண்டுபோகச் சொல்லி ஒங்க தமிழ்ல ஒரு போடு போடுங்க, அம்புட்டுப் பேருகிட்டயும் கையெழுத்து நான் வாங்கித் தாரேன் என்றான். தரிசு மேடு, மேட்டில் தண்ணீர் ஏறாது, என் பேனா அதற்கு எழுதாது என்றேன். போகிற போக்கில் திரும்பி, ஏன் சார், ஒங்க படி மட்டும் ஆகாசத்துலயா நிக்குது என்று கேட்டான். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தப் படியை வரையும்போது நீ போனில், வாசல்ல ஏழடி இருக்குல்லப்பா, நம்ம எடந்தானே என்று கேட்டாய். நம்ம எடந்தான், நீ வரை என்றேன். பொய். நம்முடையது நாலடிச் சொச்சம்தான், மிச்சம் வடிகால். ஒவ்வொரு படியும் நாலங்குல உயரம், ஓரடி அகலம் என்று நீ கணக்காக வரைந்தது நல்ல வேலை, அதை அடுத்தவர் இடத்தில் நிற்க வைத்தவன் நான். கொத்தனார் மூன்றாவது படிக்குக் குழி எடுக்கும்போது, சார், சர்வே கல்லு கெடக்கே என்றார். கிடக்கட்டும், மூடு என்றேன். தெற்குப் பக்கமாகத் திருப்பி நம் சுவரை ஒட்டியே கட்டியிருக்கலாம். அப்படிக் கட்டினால் என் ஸ்கூட்டர் கொட்டகையை எடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. தெருவே செய்கிறது, நாம் மட்டும் ஏன் இளிச்சவாயன் என்று அன்றைக்குத் தோன்றியது. நீ அளவு தப்பாக எடுத்த இன்ஜினியர் இல்லை, தப்பான அளவு கொடுக்கப்பட்ட இன்ஜினியர். அதை யார் உன்னிடம் கேட்டாலும் இந்தக் கடிதத்தைக் காட்டலாம்.

புதன்கிழமை காலையிலேயே தெருவின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரைக் கோலம் மாதிரி போட்டு வைத்திருந்தார்கள், பெரிய மனிதர் வருகிறார் என்றால் நம் ஊரில் முதலில் வெளுப்பது அதுதானே. மேயர் வந்தார், உட்கார்ந்தார். நான் முப்பத்தேழாவது மனுவோடு எழுந்து பத்து நிமிடம் பேசினேன். போனைப் பார்க்காமல் கேட்டார், அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. முடித்ததும் கோப்பைப் புரட்டி, சார், இது நீங்க குடுத்த நாலாவது மனு, ஒரு வரி வாசிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு வாசித்தார். வடிகாலின் மேல் நிற்பது எவர் வீட்டுப் படியாயினும் தயவு தாட்சணியமின்றி அகற்றப்பட வேண்டும். நல்லா எழுதியிருக்கீங்க சார், இதுல ஒங்க வீடும் சேந்ததுதானே என்றார். தெருவே சிரித்தது. முத்திருளன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டி, மனு சார், இப்பச் சொல்லுங்க, எவர் வீட்டுப் படி என்று கத்தினான். மேயர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிருக்குன்னு சொன்னாங்க, ஒங்க வீட்டைக் கடைசியா வச்சுக்கலாம் சார், ஒரு ஆறு மாசம் போகட்டும் என்றார்.

அந்தச் சலுகைதான் என்னைச் சுட்டது ஆன்மேரி, சிரிப்பு இல்லை. தலைமையாசிரியர் பதவியை எனக்கு ஏழு வருடம் இளையவனுக்குக் கொடுத்துவிட்டு, நீங்க டைம்டேபிள் பாத்துக்கங்க சார் என்று பள்ளி நிர்வாகம் என்னைத் தட்டிக்கொடுத்ததே, அதே குரல் மாதிரி கேட்டது. சேர வேண்டியது சேராது, தடவிக்கொடுப்பது மட்டும் வந்துவிடும். கடைசியா இல்லை, முதல் வீடு என் வீடு என்று சொல்லிவிட்டு நடந்தேன். கூட்டம் பின்னாலேயே வந்தது. சோலையின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினேன். அவன், சார், ஒங்களுக்குப் பழக்கமில்ல, இடுப்பு புடிச்சுக்கிரும், தள்ளுங்க என்றான். தள்ளவில்லை. கைப்பிடிக் குழாயை மட்டும் திருகாணி கழற்றி உள்ளே வைத்தேன், பிறகு முக்கால் மணி நேரம். இடுப்பு பிடித்துக்கொண்டது, அது வேறு விஷயம். மூன்றாவது படி பெயர்ந்ததும் அந்தக் கல் வெளியே வந்தது, வைத்த இடத்தில் அப்படியே. மேடம், இந்தக் கல்லை மூடச் சொன்னது நான்தான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மேயர் கல்லைப் பார்த்துவிட்டு, பொறியாளரிடம், இதுலருந்து அளங்க என்றார். கடைசிப் படியும் போன பிறகு நிமிர்ந்து பார்த்தால் அம்மா இரண்டடி உயரத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காலு என்னுது, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு தெருவில் எவனும் வாய் திறக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை முத்திருளன் தன் கொட்டகையைத் தானே பிரித்தான், என் பக்கம் திரும்பாமல், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டே. திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. முக்கால்வாசி வடிகால் முடிந்துவிட்டது. மேயர் மறுபடி வந்தபோது நடுவில் நின்று போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள், வரமாட்டேன் என்றேன். அதனால்தான் பழைய முதுகையே போட்டார்கள் போலிருக்கிறது. நீ அனுப்பிய பிறகுதான் அந்த வாசகத்தைப் பார்த்தேன். அன்றே முப்பத்தெட்டாவது மனு எழுதினேன். நான் முன்மாதிரிக் குடிமகன் இல்லை, எல்லைக்கல்லை மூடிக் கட்டியவன், நாலு பேர் முன்னால் பிடிபட்ட பிறகு இடித்தவன், ஆகவே வாசகத்தைத் திருத்த வேண்டும் என்று. மேயர் அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை போன் செய்து, சார், நல்லாத்தானே போட்டிருக்கோம், எல்லாரும் லைக் போடுறாங்க, மனுவை வாபஸ் வாங்கிக்கங்க சார் என்று கெஞ்சியது. நான் வாழ்க்கையில் ஒரு மனுவையும் வாபஸ் வாங்கியதில்லை, இதையும் வாங்க மாட்டேன் என்று வைத்துவிட்டேன். ரசீது இருக்கிறது. திருத்தும் வரைக்கும் விடப்போவதில்லை.

போன ஞாயிறு அம்மாவால் பூசைக்குப் போக முடியவில்லை. நான் தூக்கி இறக்குகிறேன் என்று கையை நீட்டினேன், அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை ஒரு மணி நேரம் நல்ல மழை. புது வடிகாலில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாகவே அவளும் பார்த்தாள். இன்று காலை முத்திருளன் தன் கொட்டகைப் பலகையைக் கொண்டுவந்து வடிகாலின் மேல் சரிவாகப் போட்டு, மெல்ல வாங்கக்கா, நான் புடிச்சுக்கிறேன், இவரு புடிச்சா ஒங்களையும் மனுன்னு நெனச்சு நீட்டிருவாரு என்றான். அம்மா சிரித்துவிட்டாள். பதினோரு நாளில் முதல் சிரிப்பு, அதுவும் அவனுக்கு. அந்த மச்சானின் ஷேர் ஆட்டோவில்தான் கோயிலுக்குப் போனாள். அவனோடு எனக்கு இன்னும் பேச்சு இல்லை. பலகையை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மத்தியானம் ஸ்கூட்டர் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு, தனியாக டேப்பை வைத்துக்கொண்டு வாசலை அளந்தேன். சுவரோரம் டேப்பின் பெட்டியை வைத்து முனையைக் கல்லுக்கு இழுத்தால் பெட்டி நழுவிவிடுகிறது, மூன்று முறை நழுவியது. நாலாவது முறை நழுவவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா நிலைவாசலில் உட்கார்ந்து பெட்டியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள். நான் முனையைக் கல்லில் வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சுவரிலிருந்து சத்தமாக வாசித்தாள். நாலடி ரெண்டு இஞ்சு, எழுதிக்கங்க, இதுக்கு மேல ஒரு நூலு கெடையாது.

ஆகவே மகளே, தெற்கே திருப்பி, சுவரை ஒட்டி, அதே நாலங்குல உயரத்தில் ஆறு படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. பழைய குழாய் பத்திரமாக இருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, சரியான அளவைக் கொடுக்கிறேன். வரைந்ததை எனக்கு அனுப்பாதே, அம்மாவுக்கு அனுப்பு, அவள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிடுவேன். வேளைக்குச் சாப்பிடு, கடல் காற்றில் தலையை மூடிக்கொண்டு போ, வேலை இடத்தில் யார் சலுகை தந்தாலும் யோசித்து வாங்கு. ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. மறந்துவிடாதே, உன்னிடம் இருக்கும் பழைய வரைபடத்தில் ஏழடி என்று இருப்பதை உன் கையாலேயே அடித்துவிடு.

இப்படிக்கு,
ஏழடி என்று சொன்ன உன் அப்பா,
ச. கிளமெண்ட்