முதுகு காட்டிய ஏழு

லுண்ட்,
நவம்பர் 14

அன்புள்ள யோர்டிஸ்,

நலமா? கிரூனாவில் இந்நேரம் பனி மூடியிருக்கும். பள்ளியில் வேதியியல் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். பதினொரு வருடங்களாக எழுதாதவன் இன்று எழுதுகிறேன்.

ஆய்வுக்கூடம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. என் அலமாரியைக் காலி செய்ய ராக்ன்ஹில்ட் கூப்பிட்டாள். இப்போது அவள்தான் அங்கே தலைவி. வியாழக்கிழமை காபி வேளையில், நீங்கள் விலகிய அன்று என்னிடம் கொடுத்த உறையை அவள் பிரித்தாள். “ஒரே ஒரு தடவை பாருங்க, ஆர்வித்” என்று சொல்லிக் கொடுத்தீர்கள். நான் பார்க்கவே இல்லை.

உள்ளே ஒரு கண்ணாடித் தகடும் அதை அப்போதைய புதுக் கருவி எடுத்த படமும் இருந்தன.

“இந்த ஏழு எதுக்கு முதுகு காட்டிட்டு நிக்குது?” என்று கேட்டாள்.

சிரித்தபடிதான் வாங்கினேன். தகட்டின் மேல் விளிம்பின் நடுவில் நீங்கள் தகட்டு எண்ணாகக் கீறிய 7 நேராக இருந்தது. படத்தில் அது திரும்பியிருந்தது. காபிக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு விளங்குகிறது. ரப்பர் துண்டில் மயிரிழை போல எட்டு வாய்க்கால்கள். அதைத் தகட்டில் ஒட்டி, நோயின் தடயத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை வாய்க்காலுக்கு ஒன்றாகச் செலுத்தி, ரப்பரை உரித்தால் எட்டுக் கோடுகள். மாரடைப்பு வந்தவரின் ரத்தநீரைப் பரப்பினால் சரியான கோடு ஒளிரும். மூன்றாவது, நீங்கள் இரண்டு வருடம் உழைத்து உருவாக்கியது. ஆறாவது என்னுடையது. புதுக் கருவியில் தகட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அது அடியிலிருந்து பார்க்கும். என் அட்டவணையோ மேலிருந்து பார்ப்பதற்கு எழுதியது. மூன்று ஆறாகிவிட்டது.

என் தகடுகளில் எல்லாம் அதே இடத்தில் என் பெயரின் A எழுத்தைக் கீறுவேன். அது எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. காட்டிக்கொடுக்கவில்லை.

“உப்புத் தண்ணியையே மூணு வாட்டி அளப்பீங்களே மனுஷா, கவுத்தா இடம் வலமாகும்னு தோணலயா?” என்றாள் ராக்ன்ஹில்ட். தோன்றவில்லை, யோர்டிஸ்.

கருவி ஆறாவது என்று காட்டிய அன்றைய கூட்டத்தில், “மைக்ரோஸ்கோப்ல என் கண்ணால பார்த்தேன், மூணாவதுதான் மின்னுச்சு” என்றீர்கள். எல்லார் முன்னாலும் நான், “வாய்க்கால் மாத்தி ஊத்தியிருப்பீங்க, கை தவறியிருக்கும்” என்றேன். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள்.

அதன் பிறகு என் ஆறாவதை மட்டும் தனியே வைத்து மூன்று வருடம் போராடினோம். ஒரு தடவையும் ஒளிரவில்லை. ஏன் என்று யாருக்கும் புரியாமலே வேலையை மூடினோம். உங்கள் எதிர்ப்பொருளை எப்போதோ எறிந்துவிட்டார்கள். ஒரே ஒரு குப்பியை மட்டும், எதையும் எறிய மனம் வராத என் வழக்கத்தால், உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். அது அங்கேயே இருக்கிறது. உங்கள் கையெழுத்துகூட அழியவில்லை.

ஆறாவதுதான் என்று எழுதிய எங்கள் கட்டுரையை வெளியிட்ட இதழுக்குத் திருத்தம் எழுதிவிட்டேன். அதில் உங்கள் பெயரைப் போட உங்கள் சம்மதம் வேண்டும். குப்பியை நான் திறக்க மாட்டேன். ராக்ன்ஹில்ட் உங்களுக்காக ஒரு மேசையை ஒதுக்கியிருக்கிறாள். நீங்கள் வந்து அதைத் திறக்கும் அன்று நான் அங்கே இருக்கக் கூடாது என்றால் இருக்க மாட்டேன்.

தகட்டையும் படத்தையும் இத்துடன் பஞ்சில் பொதிந்து அனுப்புகிறேன். ஒரே ஒரு தடவை பாருங்கள்.

உங்கள் கை தவறவில்லை. அந்தக் கைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆர்வித்