பதினோரு சத்தம்

அன்பு மகள் ஜெனிதா கண்ணுக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு அருள்செல்வி எழுதுவது. கோயமுத்தூரில் குண்டு வெடித்த வருஷம், நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய், அந்தச் சித்திரையில் காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணறு ஆழப்படுத்தப் போயிருந்தேன், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கர்த்தர் கிருபையில் நான் எழுந்து நடமாடுகிறேன், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போன ஞாயிறு நான் திருவிருந்து வாங்காமல் வாயை மூடிக்கொண்டதை யாரோ உனக்குச் சொல்லி, ஆயரோடு என்னப்பா சண்டை என்று போனில் சத்தம் போட்டாய். சண்டை ஒன்றும் இல்லை கண்ணு. இருபத்தேழு வருஷமாக ஜனங்கள் பீடத்துக்கு எழுந்து போகும் நேரம் பார்த்து நான் வெளியே போய்விடுவேன், மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டார்கள். புது ஆயர் இரக்கப்பட்டு அப்பத்தையும் திராட்சரசத்தையும் என் பெஞ்சுக்கே கொண்டுவந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். பின் பெஞ்சில் இருந்த பிரவீனா, தாத்தாவுக்குப் பல்செட்டு கழண்டுபோச்சாட்ட இருக்குதுங்க என்றாள், சிரித்தார்கள்.

அந்தக் கிணற்றுப் பாறையில் போட்ட குழிகளில் வெடிமருந்து கெட்டிப்பது நம் சபை அமிர்தநாதன் வேலை. திரி கொளுத்தினபின் மேலே நின்று எத்தனை வெடித்தது என்று எண்ணுவது என் வேலை, எழுத்து தெரியாவிட்டாலும் எண்ணிக்கை எனக்குத் தப்பாது என்று கொடுத்தது. பன்னிரண்டு குழி. பதினோரு சத்தம்தான் கேட்டது. இரண்டு சேர்ந்து வெடித்தால் ஒரே சத்தமாக வரும், அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவுசெய்து பன்னிரண்டு என்று கத்தினேன். எங்களோடு வேலை செய்த தம்பிதுரை கடப்பாரையோடு இறங்கினான். வெடிக்காமல் கிடந்த குழியில் கடப்பாரை பட்டது. அவனைச் சாக்கில்தான் மேலே ஏற்றினோம். அதுவரை தப்பு கண்ணு, அப்புறம் செய்ததுதான் பாவம். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மேஸ்திரி அழகிரிசாமி என்னை ஒதுக்கமாக இழுத்து, யாக்கோபு, பன்னெண்டுன்னே நில்லு, அமிர்தநாதன் சொல்லாம பதிமூணாவது குழி போட்டுப்போட்டான்னு சொல்லிப்போடு, இல்லீன்னா உம்பட புள்ளய யாரு படிக்க வெப்பா என்றார். அப்படியே சொன்னேன். எழுதினதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்கள், தெரிந்தேதான் கைநாட்டு வைத்தேன். அமிர்தநாதன் இரண்டு வருஷம் ஜெயிலில் இருந்தான். வந்த பிறகும் ஞாயிறு தவறாமல் என் கையைப் பிடித்து, ஏனுங்ணா சௌக்கியமுங்களா என்பான். இந்த இடத்தில் அருள்செல்வி பேனாவை வைத்துவிட்டு, இதையும் எழுதட்டுங்களா தாத்தா என்கிறாள். எழுது அம்மணி என்றேன்.

நீ போனில் ஏற்றிக் கொடுத்த வேதத்தைத் தினமும் கேட்கிறேன். கேட்கக் கேட்கக் கர்த்தர் கிட்டே வருவார் என்கிறார்கள், மெய்தான், அவர் கிட்டே வர வர அந்தப் பதினோரு சத்தமும் கிட்டே வருகிறது. நேற்று ஆயரிடம் சொன்னேன். ஆண்டவருகிட்டச் சொல்லிப்போட்டீங்க, எங்கிட்டயும் சொல்லிப்போட்டீங்க, சொல்ல வேண்டியவருகிட்டச் சொல்லலீங்களே என்றார். சனிக்கிழமை மேட்டுப்பாளையம் பஸ் ஏறுகிறேன். இது வெளியே வந்தால் உன்னையும் நாலு பேர் கேட்பார்கள், அதற்காகப் போகாதே அப்பா என்று போன் செய்யாதே. மன்னிப்பான் என்று போகவில்லை, காறித் துப்பினாலும் நியாயம். கர்த்தர் உங்கள் எல்லோரையும் தம் செட்டைக்குள் வைத்துக்கொள்வாராக, பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதே. தம்பிதுரையின் சம்சாரத்தைத் தேடினேன், போன வருஷமே போய்விட்டாளாம். தோட்டத்துக்காரர் இல்லை, அழகிரிசாமி இல்லை. நான் போய் நிற்பதற்கு உயிரோடு இருப்பவன், வாரம் மூன்று தரம் டயாலிசிஸ் செய்துகொண்டு மேட்டுப்பாளையத்தில் மகன் ஜெஃபின் வீட்டில் படுத்திருக்கிற அமிர்தநாதன் ஒருவன்தான்.

உன் அப்பா யாக்கோபு,
கைநாட்டு