என்னை வெளியே அனுப்பியவளுக்கு

இன்று காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், பின் சீட்டில் ஒரு போன் கடகடவென்று பேசியது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அதே குரல், அதே தலைதெறிக்கும் வேகம். சட்டென்று திரும்பினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட யாரோ ஓர் அம்மா. அது நீ இல்லை என்பதற்காக உன்மேலேயே கொஞ்சம் கோபம் வந்தது.

அந்த வேகத்தில் உனக்கு எப்படிப் புரிகிறது என்று ஒருமுறை கேட்டேன். "நீ மெதுவா இழுத்துப் பேசுறதைக் கேட்டாதான்டி எனக்குத் தூக்கம் வருது" என்றாய். பிறவியிலேயே பார்வையில்லாத நீ கல்லூரியில் பாடம் நடத்தினாய். உன்னுடன் படித்த நான் அரசு அலுவலகம் ஒன்றில் இணையதள வேலை பார்த்தேன். உன் பஸ் பாஸைப் புதுப்பிக்க எங்கள் இணையப் பக்கத்துக்குத்தான் வர வேண்டும். அங்கே உன் போன் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். எது எதற்கான பட்டன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அதனால் எடமலைப்பட்டி புதூர் பிரவுசிங் சென்டருக்குப் போய், நாலு பேர் நடுவே பாஸ்வேர்டை உரக்கச் சொல்வாய். உனக்கு அதுதான் பெரிய ரோதனை. "பஸ் பாஸ் கிடைக்கலைன்னாகூடப் பரவாயில்லடி. என் பாஸ்வேர்ட் எனக்கு மட்டும் தெரியணும்" என்பாய். ஒரு தடவை 'கடைக்காரர் ரொம்பப் பேசுவார்' என்பதையே பாஸ்வேர்டாக வைத்து, ஒவ்வோர் எழுத்தாக அவரையே டைப் அடிக்க வைத்தாய். அன்று முழுக்க மனிதர் வாயே திறக்கவில்லையாம்.

அப்புறம் அந்த உத்தரவு வந்தது. அரசு இணையப் பக்கங்களை எல்லா மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டுமாம். நாங்கள் அதை எங்கள் தளத்தில் போட்டதும் சந்தோஷமாக உனக்கு போன் செய்தேன். நீ திறந்தாய். உன் போன் ஒரே வார்த்தை சொன்னது: "இமேஜ்."

உத்தரவை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, ஸ்கேன் செய்து படமாக ஏற்றியிருந்தோம். விக்கல் எடுக்கும் வரை சிரித்தாய். மறுநாள் நேரே அலுவலகத்துக்கு வந்து, எங்கள் அதிகாரி காதருகே போனை நீட்டினாய்.

"சீல் இல்லாம போட்டா எப்படிம்மா செல்லும்?" என்றார் அவர், பாவம், உண்மையான கவலையோடு.

"சீல் உங்க ஃபைல்ல பத்திரமா இருக்கட்டும் சார். எங்களுக்கு எழுத்தைக் குடுங்க."

அவரும் சிரித்துவிட்டார். அன்று மதியமே, எங்கள் தளத்தை அமைத்துத் தரும் ஒப்பந்தக்காரருக்கான நிபந்தனைகளில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பார்வையில்லாத ஒருவர், யார் உதவியும் இல்லாமல், விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை முடித்துக் காட்டினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. ஒப்பந்தக்காரர் முகத்தைச் சுளித்தார். சோதித்துப் பார்க்க வந்த நீ அவரைப் படுத்திய பாட்டுக்கு அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

எல்லாம் சரியான பிறகு, என் மேஜையிலேயே உட்கார்ந்து புது பாஸ்வேர்ட் வைக்கப் போனாய். விரல் நின்றது.

"நீ கொஞ்சம் வெளியே போடி."

"நானுமா?"

"நீயும்தான்."

வராந்தாவில் போய் நின்றேன். யாரும் என்னை வெளியே போகச் சொல்லி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்த வரி இன்றும் எங்கள் ஒப்பந்தங்களில் இருக்கிறது. அவசரம் என்று சொல்லி அதை எடுக்கப் பார்ப்பவர்களிடம் நான் சண்டைக்காரி என்று பெயர் வாங்கிவிட்டேன்.

நீ இறந்துபோன அதே மாதத்தில் உன் அண்ணன் வந்தார். உன் கணக்கில் ஏதோ சான்றிதழ் எடுக்க வேண்டுமாம், பாஸ்வேர்ட் கேட்டார். அதற்கு வேறு வழி இருக்கிறது, நான் செய்து தருகிறேன் என்றேன். அவர் விடவில்லை.

"அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது எதுவும் இருக்காதேம்மா?"

"இது மட்டும் தெரியாதுங்க அண்ணே" என்றேன். சொல்லும்போது அழுகை வந்தது, பெருமையாகவும் இருந்தது.